அத்தியாயம் 6: பம்ப் என்ஜினில் கரண்ட் எடுப்பது

கடையில் முதல் கேள்வியே "எத்தனை கிலோவாட் டைனமோ வேணும் அண்ணே?" என்பதுதான். அங்கேயே பதில் சொல்லிவிடாதீர்கள். டைனமோவின் தகட்டில் அடித்திருக்கும் எண் அது எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும். எவ்வளவு கிடைக்கும் என்பது என்ஜினைப் பொறுத்தது. மரக்கறித் தோட்டத்துப் பம்ப் என்ஜினில் 5 கிலோவாட் டைனமோவை மாட்டினாலும் மலைநாட்டு டயகம உயரத்தில் 1.5 கிலோவாட்டைத் தாண்டுவது கஷ்டம். ஏன் என்று கொஞ்சம் கீழே கணக்குப் போட்டே பார்க்கலாம்.

டயகமவில் இருந்து இறங்கும் ஆக்ரா ஓயாத் தண்ணீர் தலவாக்கலை அணையில் தேங்கி, 2012 இல் ஓடத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையத்துக்குப் போகிறது. தண்ணீர் அனுப்புகிற ஊரில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரண்ட் இல்லை. 2022 மார்ச் 31 அன்று நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து முழுத் தீவும் இருட்டானது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் கம்பிகளையும் அறுத்தது. ஆகவே தனியாக ஒரு ஜெனரேட்டர் வைத்திருப்பது ஆடம்பரம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. புதிதாக ஒன்றை முழுதாக வாங்க முடியாதவர், கிடக்கிற என்ஜினில் பெல்ட் போட்டு டைனமோவை ஓட்டப் பார்க்கிறார். நல்ல யோசனைதான். பழைய தேயிலை ஸ்டோர்களில் ஒரே என்ஜின் நீளமான தண்டு ஒன்றைச் சுழற்ற, அதிலிருந்து இறங்கிய பெல்ட்டுகள்தான் ரோலர்களை ஓட்டின. பெல்ட் வேலை இந்த மலைக்குப் புதிதில்லை.

முதலில் பாவனையை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். எல்இடி பல்பு ஒன்று 9 வாட், டிவி 60 முதல் 100, சின்ன ஆம்ப்ளிஃபயர் 300, ரைஸ் குக்கர் 500 முதல் 700, அயன் 1,000, கேத்தல் 1,500 முதல் 2,000. குளிர் ஊரில் எல்லாருக்கும் கேத்தல் வேண்டும். அது ஒன்றே சிறிய என்ஜினை மூச்சுத் திணற வைத்துவிடும். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், செலவும் குறையும்.

மோட்டார் உள்ள சாமான்களைத் தனியாகப் பாருங்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட் எடுத்தாலும், கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் நாலைந்து மடங்கு கேட்கும். அரைக் குதிரைவலு தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான்.

லயத்தில் நாலு வீட்டுக்குச் சேர்த்து எழுதிப் பார்ப்போம். பல்பு 20, டிவி 4, ஃபிரிட்ஜ் 1, ஆம்ப்ளிஃபயர் 1. ஓட்டத்தில் ஏறத்தாழ 950 வாட் வரும். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது 1,500ஐத் தொடும். இதற்கு 1.5 கிலோவாட் கைக்கெட்டினால் போதும். ரைஸ் குக்கரும் வேண்டும் என்றால் 2.5க்குப் போக வேண்டும். கேத்தலும் அயனும் கேட்கிறவர் டீசல் என்ஜின் பக்கம் போவது நல்லது.

மலையில் என்ஜின் எவ்வளவு இழக்கும்

ஹொண்டா ஜிஎக்ஸ் 160 ஐ எடுத்துக்கொள்வோம். 3 அங்குலப் பம்புகளில் வருகிற 163 சிசி என்ஜின் இது. இதன் சாயலில் செய்த சீன என்ஜின்களும் சந்தையில் நிறைய. முன்பு இதை 5.5 குதிரைவலு என்று விற்றார்கள். கணக்கிடும் முறை மாறிய பிறகு அதே என்ஜின் 4.8 ஆனது. அதுவும் நிமிஷத்துக்கு 3,600 சுற்றில், உச்ச அளவு. மணிக்கணக்கில் ஓட விடுவதானால் 3,000 சுற்றில் ஏறத்தாழ 2.5 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலைக்கான கழிவு. உயரம் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் காற்று மெலிந்து வலுவில் சுமார் 3.5 சதவீதம் போகும். 1,500 மீட்டரில் 17 சதவீதத்தை ஒட்டி வரும். குளிர் இதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். அதைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக விட்டுவிடுங்கள். 2.5 இப்போது 2.1 ஆகிவிட்டது. பெல்ட் 5 சதவீதம் தின்னும். சிறிய டைனமோ தான் வாங்கும் வலுவில் ஐந்தில் ஒரு பங்கைச் சூடாக வெளியே விடும். மிஞ்சுவது 1.5 அல்லது 1.6 கிலோவாட், அதாவது 230 வோல்ட்டில் 6.5 அம்பியர்.

இந்த இடத்தில் பலருக்கு நம்பிக்கை வராது. "கொழும்புல ஓட்டிக் காட்டினாங்க, மூணு கிலோவாட் தூக்கிச்சே" என்பார்கள். கொழும்பில், கடல் மட்டத்தில், பத்து நிமிஷம் தூக்கியிருக்கலாம். இங்கே இரவு முழுக்க அது நடக்காது.

உயரத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு. கலவை கெட்டியாகி ப்ளக் கறுத்துப்போகும், புகையும் கறுப்பாக வரும். 1,500 மீட்டருக்கு மேலே நிரந்தரமாக வைக்கிற என்ஜினின் கார்புரேட்டருக்கு ஓட்டை சிறிதான மெயின் ஜெட் போடச் சொல்வது வழக்கம். அப்படி மாற்றிய என்ஜினைப் பிறகு கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோய் ஓட்டினால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். கழற்றிய ஜெட்டை ஒரு பையில் கட்டி என்ஜினோடேயே வையுங்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற பம்ப் என்ஜினாக இருந்தால் வலு இன்னும் இறங்கும். அதில் 1 கிலோவாட்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

டீசலுக்கும் கணக்கு இதே மாதிரிதான். 2,600 சுற்றில் 4.4 கிலோவாட் தரும் சிறிய ஆர் 175 ஏ என்ஜினில் இங்கே 2.8 கிலோவாட் கரண்ட் எடுக்கலாம். லேண்ட்மாஸ்டர்களில் உட்காரும் எஸ் 195, 2,000 சுற்றில் 8.8 கிலோவாட். அதில் 5.5 வரை வரும். ஒரு சாதாரண கல்யாண வீட்டுக்கு அது தாராளம். வெள்ளாமை இல்லாத நாளில் சும்மா நிற்கும் லேண்ட்மாஸ்டர் பக்கத்தில் இருந்தால் வேறு என்ஜின் தேடாதீர்கள். எரிபொருளிலும் லாபம் உண்டு. பெட்ரோல் என்ஜின் 1.5 கிலோவாட்டுக்கு மணிக்கு ஒரு லீட்டருக்கு மேல் குடிக்கும். டீசலில் அதே கரண்ட் இதைவிடக் குறைந்த எரிபொருளில் வரும்.

எந்த டைனமோ

பெல்ட்டுக்கு வாங்கும் டைனமோவில் முதலில் பார்க்க வேண்டியது பேரிங். இரண்டு பக்கமும் பேரிங் இருக்க வேண்டும். கையில் தூக்கிப் போகும் சிறிய ஜெனரேட்டர்கள் பழுதானால் என்ஜினைக் கழித்துவிட்டு டைனமோவை மட்டும் மலிவாக விற்பார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம்தான் பேரிங். மறுபக்கத்தை என்ஜினின் தண்டே தாங்கிக்கொண்டிருந்தது. தண்டின் முனை கூம்பாகக் குடைந்திருந்தால் அது இந்த வகை என்று முடிவு கட்டலாம். எவ்வளவு மலிவானாலும் பெல்ட்டுக்கு உதவாது.

பெல்ட்டுக்கென்றே வருவது சீனாவின் எஸ்டி வகை: எஸ்டி 3, எஸ்டி 5 என்று கிலோவாட் எண்ணோடு. நாலு துருவம், 1,500 சுற்றில் 50 ஹேர்ட்ஸ். இதில் வோல்ட்டைத் தானாகச் சீராக்கும் ஏவிஆர் கிடையாது. உள்ளே தனிச் சுருள் ஒன்றில் பிறக்கும் மின்சாரம் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாகப் போய், கார்பன் பிரஷ் மூலம் சுழலும் காந்தத்துக்கு ஏறுகிறது. பழுது பார்க்க எளிது. முதலில் போவது பெரும்பாலும் அந்தச் சிறிய ரெக்டிஃபையர்தான். ஒன்று கூடுதலாக வாங்கி டப்பாவில் போட்டு வைத்தால் அட்டனுக்கு ஒரு பயணம் மிச்சம்.

பெரிய டைனமோவைச் சிறிய என்ஜினில் மாட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மாட்டலாம். கேட்கிற பாவனைக்கு ஏற்றபடிதான் டைனமோ என்ஜினை இழுக்கும். பருத்த சுருள் ஃபிரிட்ஜ் கிளம்பும்போது வோல்ட் விழாமல் பிடித்தும் கொள்ளும். ஒன்றும் பாவிக்காதபோதே பெரிய டைனமோவைச் சுற்றக் கொஞ்சம் வலு வீணாகும் என்பதுதான் இதிலுள்ள குறை. 163 சிசி என்ஜினுக்கு எஸ்டி 3 பொருத்தம். அதற்கு மேலே போவது காசைக் கரைப்பது. ஆனால் பிரேக்கரைத் தெரிவு செய்வது என்ஜினின் அளவைப் பார்த்துத்தான். எஸ்டி 3 இன் தகட்டில் 13 அம்பியர் என்று இருக்கும். நம் கணக்கில் என்ஜின் தருவது 6.5. ஆகவே 6 அம்பியர் பிரேக்கர். 16 அம்பியர் ஒன்றைப் போட்டால் யாராவது கேத்தலைச் செருகுவார், என்ஜின் படுக்கும், சுற்று இறங்கி வோல்ட் விழும். அந்த நிலையில் ஃபிரிட்ஜ் மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமி உறுமி எரிந்துபோகும். அதே நேரம் பிரேக்கர் ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருக்கும்.

புல்லியும் பெல்ட்டும்

என்ஜின் 3,000 சுற்று, டைனமோ 1,500. எனவே டைனமோப் புல்லி என்ஜின் புல்லியைப்போல் இரு மடங்கு. 4 அங்குலமும் 8 அங்குலமும் வாங்கினால் சரி என்று தோன்றும். இங்கேதான் ஒரு சின்ன வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. வி பெல்ட்டின் இழுவைக் கயிறு புல்லியின் வெளி விளிம்பில் ஓடுவதில்லை, சற்று உள்ளே ஓடுகிறது. ஏ அளவு பெல்ட்டுக்கு இரண்டு விட்டத்திலும் கால் அங்குலம் கழிக்க வேண்டும்: 3.75, 7.75. விகிதம் 2 இல்லை, 2.07. என்ஜின் சரியாக 3,000 ஓடினாலும் டைனமோவில் 1,450தான் வரும். பெல்ட் சறுக்குவதில் இன்னும் ஒரு சதவீதம் போனால் 48 ஹேர்ட்ஸுக்கும் கீழே. இதற்காகப் புல்லியை மாற்ற வேண்டாம். கவர்னரில் என்ஜினை 3,150 பக்கம் ஏற்றினால் சரியாகிவிடும், 3,600 வரை இடம் இருக்கிறதே. 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாத டீசல் என்ஜினில் அந்த வசதி இல்லை. அங்கே டைனமோப் புல்லியை லேத்தில் கொடுத்துக் கணக்குப்படி கடைவது நல்லது. 6 அங்குலமும் 8 அங்குலமும் போட்டால் பி பெல்ட்டில் 1,475 சுற்று கிடைக்கும். கொஞ்சம் குறைவுதான். 8 ஐ 7.75 ஆகக் கடைந்தால் 1,500க்கு மேல் சிறிது வரும், அதைச் சறுக்கல் எடுத்துக்கொள்ளும்.

என்ஜின் பக்கம் 3 அங்குலப் புல்லி போட்டு இடம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். 4 அங்குலப் புல்லியில் 3,000 சுற்றுக்கு ஒரு ஏ பெல்ட் ஏறத்தாழ 2 கிலோவாட் கடத்தும். 3 அங்குலத்தில் அது பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் விட்டுவிட்டுத் தள்ளுவதால் பெல்ட் அடி வாங்கும். இரண்டு பள்ளம் உள்ள புல்லியும் இரண்டு ஏ பெல்ட்டும் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பனியில் வாங்குங்கள். பழசு ஒன்றும் புதுசு ஒன்றும் சேர்ந்தால் புதுசுதான் முழுப் பாரத்தையும் இழுக்கும். சிறிய டீசலுக்கு இரண்டு பி, எஸ் 195க்கு மூன்று பி இருந்தால் கவலை இல்லை. பி பெல்ட்டுக்கு 5 அங்குலத்துக்குக் குறைந்த புல்லி கூடாது.

நீளத்துக்கு: இரு தண்டுகளின் நடுவிலிருந்து நடு வரையான தூரம் 16 அங்குலம் என்றால் அதன் இரு மடங்கு 32. இரண்டு புல்லி விட்டத்தையும் கூட்டி 1.57ஆல் பெருக்கினால் 18.8. மொத்தம் 51. இது பெல்ட்டின் வெளிச்சுற்று. பெல்ட்டில் அச்சடித்திருக்கும் எண் உட்சுற்று அங்குலம். ஏ பெல்ட்டுக்கு 2 கழித்து ஏ 49 என்று கேளுங்கள். என்ஜினையோ டைனமோவையோ நகர்த்த நீள்துளை விட்டுச் சட்டத்தை வெல்ட் செய்தால் ஏ 48, ஏ 50 எது கிடைத்தாலும் சமாளிக்கலாம்.

டைனமோவை எந்தப் பக்கம் வைப்பது? என்ஜின் தண்டை நேரே பார்த்து நில்லுங்கள். இந்த வகைப் பெட்ரோல் என்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றும். டைனமோவை உங்கள் இடப்பக்கம் வைத்தால் இழுக்கும் பக்கம் கீழேயும் தளர்ந்த பக்கம் மேலேயும் வரும். தளர்ந்த பக்கம் தொய்ந்து புல்லியைக் கூடுதலாகத் தழுவும், சறுக்கல் குறையும். புல்லியைத் தண்டின் நுனியில் மாட்டாமல் உடம்போடு ஒட்டி மாட்டுங்கள். இல்லாவிட்டால் பேரிங் போகும். இரண்டு புல்லியின் முகத்திலும் நூல் பிடித்துப் பாருங்கள், நாலு இடத்திலும் தொட வேண்டும். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் 16 அங்குல நீளத்துக்குக் கால் அங்குலம் இறங்கினால் அளவு சரி.

பெல்ட்டுக்குக் கம்பி வலைக் கூடு கட்டாயம். சேலை முந்தானை, இடுப்பில் கட்டிய படங்கு, குளிருக்குப் போர்த்திய சால்வை எல்லாம் அந்த வழியாகத்தான் நடமாடும்.

ஓட்டிப் பார்ப்பது

என்ஜினைச் சமதரையில் வையுங்கள். இங்கே சமதரை கிடைப்பது அரிது என்று தெரியும், இருந்தாலும் பாத்தி வெட்டியாவது வையுங்கள். சாய்வில் நின்றால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், எண்ணெய் குறைவைக் காட்டும் சுவிட்ச் என்ஜினை நிறுத்திவிடும். எண்ணெய் நிரம்ப இருக்கும்போதே இது நடப்பதால் பலர் கார்புரேட்டரைக் கழற்றிப் போடுகிறார்கள்.

பாவனை எதுவும் கொடுக்காமல் ஓட்டி, ஹேர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டரை வையுங்கள். 52க்குக் கவர்னரை ஏற்றுங்கள். முழுப் பாவனையில் 49.5 முதல் 50க்குள் வந்து நிற்க வேண்டும். 48க்குக் கீழே விழுந்தால் என்ஜினுக்கு அது மிகை, எதையாவது குறையுங்கள். ஹேர்ட்ஸ் சரியான பிறகுதான் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். வோல்ட் குறைகிறதே என்று சுற்றை ஏற்றினால் ஹேர்ட்ஸ் எகிறிவிடும். பல்பு லேசாகத் துடித்தால் பயப்பட வேண்டாம். 3,000 சுற்றில் ஒற்றைச் சிலிண்டர் நொடிக்கு 25 தரம்தான் வெடிக்கிறது, அந்தத் துடிப்பு வெளிச்சத்தில் தெரியும். மெதுவாக ஓடும் டீசலில் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

பல மாதம் கிடந்த டைனமோ சுற்றியும் வோல்ட் வராவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் காந்தம் செத்திருக்கும். என்ஜினை நிறுத்தி, பிரஷ் வயர்களை ரெக்டிஃபையரிலிருந்து கழற்றி, கூட்டலுக்குக் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தல் என்று 12 வோல்ட் பெட்டரியை ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். வயர்களைத் திரும்ப மாட்டி ஓட்டினால் வரும்.

வீட்டு வயரிங்கோடு சேர்ப்பதானால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் கூடாது. இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த வயரால் சுவர் சொக்கட்டில் கரண்ட் ஏற்றும் பழக்கம் தோட்டங்களில் இருக்கிறது. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பி, டிரான்ஸ்ஃபோர்மரில் ஏறி, மரம் அறுத்துக்கொண்டிருக்கும் மின்சார சபை ஊழியரின் கையில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக இறங்கலாம். இன்னொன்று: டைனமோவின் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காவிட்டால், வீட்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் ஆளுக்கு ஷொக் அடிக்கும்போது விழாமல் போகலாம். இந்த இரண்டையும் லைசன்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள்.

மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைக் குசினிக்குள்ளோ காம்பரா வாசலிலோ வைக்கக்கூடாது. குளிருக்கு ஜன்னலை அடைத்துப் படுக்கிற ஊர் இது. புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வீட்டிலிருந்து இருபது அடிக்குக் குறையாத தூரத்தில், நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை ஒன்று போட்டு அதற்குள் வையுங்கள். சைலன்சர் வீட்டுப் பக்கம் பார்க்கக்கூடாது.

மூடுபனி டைனமோச் சுருளுக்குள் ஈரத்தைக் கொண்டுபோகும். ஜூன் தொடங்கி ஆவணி வரை ஓடாமல் கிடக்கிறதென்றால் டைனமோவை மேலே படங்கால் மூடி, அடியில் காற்றுப் போக இடம் விட்டு, மாதம் ஒரு தரம் அரை மணி நேரம் பாதிப் பாவனையில் ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் சுருள் காயும், பிரஷ்ஷும் வளையத்தில் ஒட்டாது. நீண்ட நாள் நனைந்து கிடந்ததை ஓட்டுவதற்கு முன், சுருளின் காப்பை அளக்கும் மெகரில் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைவென்றால் உடனே ஓட்டாமல், மேல் மூடியைத் திறந்து 60 வாட் குண்டு பல்பு ஒன்றை உள்ளே எரியவிட்டு ஒரு நாள் காயவைத்துத் திரும்பப் பாருங்கள். ஈரக் காலையில் பெல்ட் கீச்சிட்டால் ரெசின் தடவ வேண்டாம். புல்லிப் பள்ளத்தை உலர்ந்த துணியால் துடைத்து, இறுக்கத்தைச் சரிபார்த்தால் நின்றுவிடும். புதுப் பெல்ட்டாக இருந்தால் முதல் பத்து மணித்தியாலத்தில் நீண்டிருக்கும், ஒரு தரம் இறுக்குங்கள்.